வேலைக் கடிதம் எங்கே செல்லும், எங்கே செல்லாது

தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டி நாகர்கோவிலுக்குள் நுழையும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வரிசையாகப் பலகைகளைப் படித்துக்கொண்டே போகலாம். கனடாவின் மேப்பிள் இலை, லண்டன் மணிக்கூண்டு, சிட்னியின் ஓபரா மாளிகை. படங்கள்தான் வேறு. அடியில் இருக்கும் வாக்குறுதி பெரும்பாலும் ஒன்றே: படிப்பு, வேலை, பிஆர். பிஆர் என்றால் நிரந்தர வசிப்புரிமை என்று இப்போது பூக்கட்டும் பாட்டிக்கும் தெரியும். படிப்பிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து பிஆருக்கும் எப்படிப் போவது என்பது மட்டும் பலகையில் இருக்காது. அந்த இரண்டாவது தாவலை நம்பித்தான் பல வீடுகளின் நிலப்பத்திரம் வங்கிக்குப் போகிறது.

குமரி மாவட்டம் படிப்பில் முன்னே நிற்கும் மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே அதிக எழுத்தறிவு, 91.75 சதவீதம், இங்கேதான் பதிவானது. தோவாளையிலேயே சிஎஸ்ஐ பொறியியல் கல்லூரி இருக்கிறது. ஆரல்வாய்மொழி வரை அக்கம்பக்கத்தில் இன்னும் சில கல்லூரிகள். பட்டம் வாங்குகிறவர்கள் அதிகம், அதற்கேற்ற வேலை உள்ளூரில் குறைவு. வெளிநாடும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அரை நூற்றாண்டாக வளைகுடாவுக்கு ஆள் போய்க்கொண்டிருக்கிறது.

சிக்கல் அந்த வளைகுடாப் பழக்கத்திலிருந்தே தொடங்குகிறது. துபாய்க்கோ குவைத்துக்கோ போகிறவருக்கு வேலைக் கடிதம்தான் எல்லாம். கம்பெனி கடிதம் கொடுத்தால் விசா வரும்; வேலை போனால் விசாவும் போகும்; எத்தனை வருஷம் உழைத்தாலும் கடைசியில் பெட்டி கட்டி ஊருக்கு வரவேண்டியதுதான். அப்பா தலைமுறை கற்ற இந்தக் கணக்கை மகன், மகள் தலைமுறையின் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அப்படியே பொருத்திப் பார்க்கிறார்கள். “பிள்ளைக்கு அங்க ஜாப் ஆஃபர் கெடச்சாச்சுன்னா பிஆரும் வந்திருமாம், ஏஜென்ட் சொல்லுகாரு” என்ற பேச்சு இப்படி வருவதுதான். அது பாதி உண்மை. எந்த நாட்டில், எந்தப் படியில், எந்த மாதிரி வேலைக்கு, யார் கொடுத்த கடிதம் என்பதைப் பொறுத்து அந்தப் பாதி கூடும், குறையும். சில இடங்களில் ஒன்றுமே இல்லாமலும் போகும்.

கனடாவை முதலில் பார்க்கலாம். குழப்பமும் அங்கேதான் அதிகம், மாற்றமும் அங்கேதான் அதிகம்.

கனடாவுக்குப் படிக்கப் போகிறவர் மூன்று அனுமதிகளைக் கடக்க வேண்டும். முதலாவது படிப்பு அனுமதி. இதற்கு வேலைக் கடிதம் தேவையில்லை. கல்லூரியின் சேர்க்கைக் கடிதமும் பணம் இருப்பதற்கான ஆதாரமும் வேண்டும். தனி ஆள் ஒருவர் ஓராண்டுச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகை நெடுங்காலம் 10,000 கனடிய டாலராக இருந்தது. 2024 ஜனவரியில் அது 20,635 ஆகி, 2025 செப்டம்பரில் 22,895 ஆனது. இரண்டாவது, படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வேலை அனுமதி. இதற்கும் வேலைக் கடிதம் கேட்பதில்லை. இரண்டாண்டுப் படிப்புக்கு மூன்றாண்டு வரை தருவார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து, எட்டு மாதத்துக்குக் குறையாத முதுகலைப் படிப்புக்கும் மூன்றாண்டு கிடைக்கிறது. எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம், மாறலாம். ஆனால் வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும்.

இங்கே ஒரு வலை இருக்கிறது. 2024 நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து படிப்பு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள் கல்லூரி டிப்ளமோ படித்தால், அந்தப் படிப்பு அரசு வெளியிட்ட துறைப் பட்டியலில் இருந்தாக வேண்டும். விவசாயம், மருத்துவம், அறிவியல், தொழில்நுட்பம், கைத்தொழில், போக்குவரத்து என்று போகிறது அந்தப் பட்டியல். பொதுவான வணிக நிர்வாக டிப்ளமோக்கள் அதில் இல்லை. பல்கலைக்கழகத்தில் இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் படிப்பவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஏஜென்ட் காட்டும் கல்லூரி அசல் கல்லூரியாகவே இருக்கலாம், சேர்க்கைக் கடிதமும் அசலாக இருக்கலாம். ஆனாலும் படித்து முடித்த மறுநாள் வேலை அனுமதி இல்லாமல் நிற்க நேரலாம். அந்த நிலையில் பிஆருக்கான வேலைக் கடிதத்தைப் பற்றிப் பேச்சே எழாது.

மூன்றாவதுதான் பிஆர்.

2015 ஜனவரியில் கனடா ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்ற முறையைக் கொண்டுவந்தது. வயது, படிப்பு, மொழி, வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, மொத்தம் 1,200-க்கு விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்துவார்கள். அவ்வப்போது ஒரு சுற்று நடத்தி, மேலிருந்து இத்தனை பேர் என்று அழைப்பு அனுப்புவார்கள். கடைசியாக அழைக்கப்பட்டவரின் மதிப்பெண்தான் அந்தச் சுற்றின் கட்-ஆஃப். தோவாளைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. பிச்சிப்பூவின் விலையை யாரும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. அன்று காலையில் எவ்வளவு பூ வந்தது, எத்தனை பேர் வாங்க வந்தார்கள் என்பதுதான் விலை. ஓணத்துக்கு ஒன்று, முகூர்த்தமில்லாத நாளில் ஒன்று. கட்-ஆஃபும் அப்படித்தான். போன சுற்றின் எண்ணை வைத்து அடுத்த சுற்றுக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது.

கனடாவில் படித்தவர்கள் பெரும்பாலும் நுழையும் வழி, 2008-இல் தொடங்கிய ‘கனடிய அனுபவப் பிரிவு’. கடந்த மூன்றாண்டுக்குள் அங்கே ஓராண்டு, அதாவது 1,560 மணி நேரம், திறன் சார்ந்த வேலை பார்த்திருக்க வேண்டும். கையில் வேலைக் கடிதம் இருக்க வேண்டும் என்று இந்தப் பிரிவு கேட்பதே இல்லை. ஏற்கனவே பார்த்த வேலையைத்தான் கேட்கிறது. முழுநேர மாணவராக இருக்கும்போது பார்த்த வேலை கணக்கில் வராது. சொந்தத் தொழிலும் வராது. சம்பளம் சட்டப்படி, ரசீதோடு வந்திருக்க வேண்டும். ஸ்கார்பரோ, பிராம்ப்டன் கடைகளில் ‘கேஷ் வேலை’ என்று ஒன்று உண்டு. ரொக்கமாகக் கையில் கொடுப்பார்கள், காகிதம் எதுவும் இருக்காது. அன்றைய வாடகைக்கு அது உதவும். பிஆருக்கு ஒரு மணி நேரமும் சேராது.

எல்லா வேலையும் திறன் சார்ந்த வேலையா என்றால், இல்லை. கனடா தன் நாட்டில் உள்ள வேலைகளை 0 முதல் 5 வரை ஆறு அடுக்காகப் பிரித்து ‘டீர்’ என்று பெயர் வைத்திருக்கிறது. 2022 நவம்பரிலிருந்து குடியேற்றத்துக்கு இதுதான் அளவுகோல். 0 முதல் 3 வரை உள்ளவைதான் அனுபவப் பிரிவில் செல்லும். மென்பொருள் பொறியாளர், செவிலியர் ஆகியோர் 1. உணவுக்கடை மேற்பார்வையாளர் 2. சமையல்காரர், லாரி ஓட்டுநர் 3. கடையில் பொருள் விற்பவர், பாதுகாவலர் 4. காசாளர், உணவுக்கடை கவுண்டரில் நிற்பவர், கிடங்கில் மூட்டை தூக்குபவர், வீட்டுக்கு வீடு பொருள் கொண்டுபோகிறவர் எல்லாரும் 5. மாணவர்கள் சுலபமாகப் பெறும் வேலைகள் எல்லாம் 4-லும் 5-லும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். காபிக் கடையில் மூன்றாண்டு கவுண்டரில் நின்றாலும் இந்தப் பிரிவில் விண்ணப்பிக்க முடியாது. அதே கடையில் ஓராண்டு மேற்பார்வையாளராக இருந்தால் முடியும். ‘சூப்பர்வைசர்’ பதவிக்கு அங்கே இத்தனை மவுசு வந்த கதை இதுதான்.

இனி கணக்குக்கு வருவோம். தோவாளையிலிருந்து ஒரு பெண் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வயது 25, திருமணமாகவில்லை. இங்கே பி.இ., அங்கே இரண்டாண்டு டிப்ளமோ, பிறகு ஓராண்டு திறன் வேலை. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில், கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் 7. வயதுக்கு 110, இரண்டு படிப்புக்கு 128, ஆங்கிலத்துக்கு 124, கனடிய வேலைக்கு 40, கனடாவில் படித்ததற்கு 15, படிப்பும் மொழியும் சேர்ந்து வரும் கூடுதல் 50. மொத்தம் 467. டிப்ளமோவுக்குப் பதில் முதுகலை படித்திருந்தால் 489. 2025-இல் அனுபவப் பிரிவுக்கு நடந்த சுற்றுகளின் கட்-ஆஃப் 510-க்கும் 550-க்கும் இடையில் ஆடியது.

இப்போது வேலைக் கடிதத்தை உள்ளே கொண்டுவாருங்கள். தகுந்த வேலைக் கடிதம் இருந்தால் 50 மதிப்பெண் கூடுதல் என்பது 2016 நவம்பரிலிருந்து இருந்த விதி. 467 பெற்றவள் 517-க்குப் போய்விடுவாள். கட்-ஆஃப் சற்று இறங்கும் நாளில் அது கரை சேர்க்கும் எண். அந்த 50 மதிப்பெண்ணுக்குச் சந்தை உருவானதில் வியப்பில்லை.

அதற்கு முன்பு நிலைமை இன்னும் விசித்திரம். 2015-இல் தொடங்கியபோது வேலைக் கடிதத்துக்கு 600 மதிப்பெண். மொத்தத்தில் பாதி. கடிதம் இருந்தவருக்கு மற்றது எதுவும் பெரிதாகத் தேவைப்படவில்லை. ஏறக்குறைய இரண்டாண்டு கழித்து அதை 50-ஆகவும், மிக உயர்ந்த நிர்வாகப் பதவிகளுக்கு மட்டும் 200-ஆகவும் குறைத்தார்கள். கனடாவில் படித்ததற்குத் தனி மதிப்பெண் வந்ததும் அதே நாளில்தான்.

கடிதம் என்றால் முதலாளி லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுக்கும் தாள் அல்ல. பெரும்பாலும் அதன் பின்னால் ‘எல்எம்ஐஏ’ என்ற அரசு அனுமதி இருக்க வேண்டும். முதலாளி நாலு வாரமாவது விளம்பரம் செய்து, இந்த வேலைக்குக் கனடியர் யாரும் கிடைக்கவில்லை என்று அரசிடம் காட்டிப் பெறுவது அது. ஓர் இடத்துக்குக் கட்டணம் 1,000 டாலர். அதை முதலாளியே கட்ட வேண்டும். ஊழியரிடம் வசூலிப்பது குற்றம். நடந்தது என்ன? சில முதலாளிகளும் இடைத்தரகர்களும் அந்த அனுமதியை வாங்கி மாணவர்களிடம் பல்லாயிரம் டாலருக்கு விற்றார்கள். வேலையே இல்லாத கடையில் வேலை, சம்பளத்தை வங்கியில் போட்டு ரொக்கமாகத் திரும்ப வாங்குவது என்று வகைவகையாக நடந்தது. பணத்துக்கு ஊரில் நகை அடகு போயிருக்கும்.

2024 டிசம்பரில் அப்போதைய குடியேற்ற அமைச்சர் மார்க் மில்லர் இந்த மதிப்பெண்ணையே எடுத்துவிடப் போவதாக அறிவித்தார். எல்எம்ஐஏ வாங்கி விற்பதற்கான காரணத்தை ஒழிப்பதுதான் நோக்கம் என்று அரசு வெளிப்படையாகச் சொன்னது. 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலைக் கடிதத்துக்குப் பூஜ்யம். நேர்மையாக வேலை பெற்று, நேர்மையான முதலாளியிடம் கடிதம் வாங்கியவர்களுக்கும் அதே பூஜ்யம்தான். பணம் கொடுத்து வாங்கியவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? கொடுத்தது குற்றம் என்பதால் புகார் சொல்லவும் வாய் வராது.

சேர்க்கைக் கடிதங்களிலும் இப்படி ஒரு கதை நடந்திருக்கிறது. ஜலந்தரைச் சேர்ந்த முகவர் ஒருவர் போலிச் சேர்க்கைக் கடிதங்களைக் கொடுத்து மாணவர்களைக் கனடாவுக்கு அனுப்பினார். அவர்கள் போய்ச் சேர்ந்து, வேறு கல்லூரியில் படித்து, வேலைக்கும் போய், பிஆருக்கு விண்ணப்பித்தபோதுதான் பழைய கடிதம் போலி என்று தெரிந்தது. 2023-இல் நாடு கடத்தல் உத்தரவுகள் வந்தன. டொராண்டோ அருகே மாணவர்கள் கூடாரம் போட்டுப் போராடினார்கள். முகவர் கனடாவிலேயே பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2024-இல் மூன்றாண்டுத் தண்டனை பெற்றார். 2023 டிசம்பரிலிருந்து ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதிசெய்துகொள்கிறார்கள். இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, தவறு வெளிப்பட எடுத்துக்கொண்ட காலம். போன வருஷங்களில் ஒட்டிய காகிதத்தைப் பிஆர் மேசையில்தான் கிழித்துப் பார்க்கிறார்கள்.

சரி, கனடாவில் வேலைக் கடிதம் செத்துவிட்டதா? எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் மதிப்பெண் பட்டியலில் செத்துவிட்டது. மாகாணங்களில் உயிரோடு இருக்கிறது.

ஒவ்வொரு மாகாணமும் தனக்கு வேண்டியவர்களைத் தானே நியமிக்கலாம். நியமனம் கிடைத்தால் 600 மதிப்பெண். அதன்பின் அழைப்பு ஏறக்குறைய உறுதி. அந்த நியமனத்தைப் பெறத்தான் பல இடங்களில் கடிதம் கேட்கிறார்கள். தமிழர்கள் அதிகம் வாழும் ஒன்டாரியோவில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று இருந்த பிரிவின் விதிகளைப் பார்த்தால், நல்ல கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்பது விளங்கும். வேலை முழுநேரமாகவும் நிரந்தரமாகவும் இருக்க வேண்டும். 0 முதல் 3 அடுக்குக்குள் இருக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்குத் தரும் கீழ்மட்டச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. படிப்பு முடிந்து இரண்டாண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

மாணவரோடு முதலாளிக்கும் தேர்வு உண்டு. அவர் மூன்றாண்டாவது தொழில் நடத்தியிருக்க வேண்டும். டொராண்டோப் பெருநகரம் என்றால் ஆண்டு வரவு பத்து லட்சம் டாலரும், கனடியரோ பிஆர் பெற்றவரோ ஆன முழுநேர ஊழியர் ஐந்து பேரும் வேண்டும். வெளியூர் என்றால் ஐந்து லட்சம் டாலர், மூன்று பேர். மாமா நடத்தும் சின்ன மளிகைக் கடையில் வாங்கும் கடிதம் இங்கே நிற்காது.

இடங்களும் சுருங்கிவிட்டன. மாகாண நியமனங்களுக்கு 2024-இல் வைத்திருந்த இலக்கு 1,10,000. 2025-க்கு அது 55,000 ஆனது. ஒன்டாரியோவின் பங்கு 21,500-லிருந்து 10,750. முழுத் தகுதியுள்ள கடிதத்தோடு வரிசையில் நிற்பவரும் சரிபாதி இடங்களுக்குத்தான் போட்டியிட்டார்.

விதி மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு எட்வர்ட் இளவரசர் தீவு உதாரணம். கனடாவின் கிழக்கோரத்தில் உள்ள மிகச் சின்ன மாகாணம். கடைகளிலும் உணவகங்களிலும் வேலை பார்த்தே அங்கு பிஆர் பெறலாம் என்ற பேச்சைக் கேட்டு இந்திய மாணவர்கள் போனார்கள். 2024 பிப்ரவரியில் மாகாணம் நியமனங்களை 25 சதவீதம் குறைத்து, மருத்துவம், குழந்தைப் பராமரிப்பு, கட்டுமானம் ஆகிய துறைகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. விற்பனை, சேவை வேலைகளில் இருந்தவர்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். மே மாதம் தலைநகர் சார்லட்டவுனில் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். முன்பே வந்தவர்களுக்குப் பழைய விதியே பொருந்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். ஆனால் படிக்கச் சேர்ந்த நாளில் இருந்த விதியே கடைசி வரை இருக்கும் என்று எந்த நாடும் எழுதிக் கொடுப்பதில்லை.

கடிதத்துக்கு இன்றும் நல்ல மதிப்பு உள்ள வேறு இரண்டு வழிகள் உண்டு. அவற்றைப் பலகைகளில் அதிகம் காண முடிவதில்லை. ஒன்று, நாலு கிழக்கு மாகாணங்களுக்கான அட்லாண்டிக் குடியேற்றத் திட்டம்; 2017-இல் சோதனையாகத் தொடங்கி 2022-இல் நிரந்தரமானது. மாகாணம் அங்கீகரித்த முதலாளியிடம் கடிதம் வாங்கினால் போதும், எல்எம்ஐஏ வேண்டாம்; அங்கேயே இரண்டாண்டு படித்தவர்களுக்கு வேலை அனுபவமும் கேட்பதில்லை. மற்றொன்று, 2025 ஜனவரியில் தொடங்கிய கிராமச் சமூகக் குடியேற்றத் திட்டம். சட்பரி, டிம்மின்ஸ், தண்டர் பே, பிராண்டன் போன்ற 14 ஊர்கள் இதில் இருந்தன. இவை குளிர் கடுமையான, தமிழ்க் கடை தேட வேண்டியிருக்கும் ஊர்கள். டொராண்டோவில் மதிப்பெண்ணுக்கு மல்லுக்கட்டுவதைவிட, அங்கே ஒரு கடிதம் தேடுவது சிலருக்குச் சுலபம்.

பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. 2025 மார்ச்சில் பிரெஞ்சு மொழிக்காரர்களுக்கு நடந்த ஒரு சுற்றில் கட்-ஆஃப் வெறும் 379. தமிழ்நாட்டில் பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்து, தேர்வு முடிந்த அன்றே அதை மறந்துவிட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! அவர்களில் சிலராவது அதைத் தூசு தட்டலாம். ஆனால் பள்ளிக்கூடப் பிரெஞ்சு போதாது. பேச, கேட்க, படிக்க, எழுத நான்கிலும் நல்ல இடைநிலைத் தேர்ச்சி வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு வருஷ உழைப்பு ஆகும்.

கனடாவை விட்டு வெளியே வந்தால் காட்சி மாறுகிறது.

இங்கிலாந்தில் படிப்பு முடிந்தால் இரண்டாண்டு எந்தக் கடிதமும் இல்லாமல் வேலை பார்க்கலாம்; 2021 ஜூலையில் வந்த வழி இது. 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. இந்தக் காலம் நிரந்தர வசிப்புக்குச் சேராது. சேரும் கணக்கு தொடங்குவது, உள்துறையின் உரிமம் பெற்ற முதலாளி ஸ்பான்சர் செய்து ‘ஸ்கில்டு வொர்க்கர்’ விசா வாங்கிய நாளில்தான். உரிமம் உள்ள முதலாளிகளின் பட்டியல் அரசின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஏஜென்டுக்குப் பணம் கட்டிப் பார்க்க வேண்டியதில்லை. சம்பளத்தின் அடிமட்டம் 2024 ஏப்ரலில் 26,200 பவுண்டிலிருந்து 38,700-க்கும், 2025 ஜூலையில் 41,700-க்கும் தாவியது. புதிதாகப் படித்து வெளிவருகிறவர்களுக்குச் சலுகையாக 33,400 பவுண்டு. பட்டப்படிப்புத் தரத்தில் இல்லாத பல வேலைகள் பட்டியலிலிருந்து வெளியேறின. வெளிநாட்டிலிருந்து முதியோர் பராமரிப்புக்கு ஆள் எடுக்கும் வழியும் அதே ஜூலையில் மூடப்பட்டது. நிரந்தர வசிப்புக்கு ஐந்தாண்டு என்பதைப் பத்தாக்கும் திட்டத்தை 2025 மே மாதம் அரசு வெளியிட்டது. ஆக, இங்கிலாந்தில் கடிதம் இல்லாமல் நிரந்தர வசிப்பு இல்லை. உரிமம் இல்லாதவர் கொடுத்த கடிதத்துக்கு மதிப்பும் இல்லை.

நியூசிலாந்திலும் கடிதம் கட்டாயம். 2023 அக்டோபரில் வந்த திறனாளர் முறையில் 6 புள்ளி எடுக்க வேண்டும். அதோடு அரசு அங்கீகரித்த முதலாளியிடம் வேலையோ வேலைக் கடிதமோ கையில் இருந்தாக வேண்டும். ஆஸ்திரேலியா நேரெதிர்: 189 எனப்படும் தனித்திறன் விசாவுக்குக் கடிதம் வேண்டாம், அழைப்பு வரும் அளவுக்குப் புள்ளிகள் வேண்டும், முதலாளி வழியாகப் போக 186 என்று வேறு விசா. அமெரிக்காவைப் பற்றிச் சொல்ல ஒரு பத்தியே அதிகம். அங்கே நல்ல கம்பெனியின் அசல் கடிதம், எச்-1பி வேலை விசாக் குலுக்கல், கிரீன் கார்டு விண்ணப்பம் எல்லாம் கைகூடினாலும், எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற விதியால் இந்தியர்களின் வரிசை பத்தாண்டுக்கும் மேல் நீள்கிறது.

ஜெர்மனியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பியர் அல்லாதவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. செலவுக்காக முடக்கப்பட்ட கணக்கில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். படித்து முடித்தபின் வேலை தேட 18 மாதம். அங்கே படித்துப் பட்டம் பெற்றவர் படிப்புக்கேற்ற வேலையில் இரண்டாண்டு இருந்து, 24 மாதம் ஓய்வூதியப் பங்களிப்பு கட்டி, ஜெர்மன் மொழியில் பி1 தேறினால் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கட்-ஆஃப் இல்லை, குலுக்கல் இல்லை. கடிதத்தின் விலை அங்கே மொழிதான். ஜெர்மன் பேசத் தெரியாதவருக்கு அந்த 18 மாதம் பறந்துவிடும்.

ஊருக்குத் திரும்புவோம். கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் வங்கி பொதுவாக ஈடு கேட்கும். தோவாளைப் பக்கம் ஈடு என்றால் வீடு, தென்னந்தோப்பு, வயல். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது வழக்கம். வட்டி அப்போதும் ஏறிக்கொண்டிருக்கும்.

வேலைக் கடிதத்தையே ஊரில் விற்கிறவர்கள் தனிக் கூட்டம். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். முகவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாடு அரசே 1978 முதல் சென்னையில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்துகிறது. ஆனால் மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பும் முகவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அந்த ஓட்டையில்தான் ‘படிப்போடு ஜாப் ஆஃபரும் சேர்த்து’ என்ற பொட்டலம் விற்பனையாகிறது. கனடாவின் குடியேற்றத்துக்கு ஆலோசனை சொல்லிப் பணம் வாங்குகிறவர் அந்நாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். 2021 நவம்பரிலிருந்து அதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது, அதன் பட்டியலும் பொதுவில் உள்ளது. பெயரையும் உரிம எண்ணையும் கேளுங்கள் என்றால் பல அலுவலகங்களில் பேச்சு சட்டென்று டீ வாங்கிவரச் சொல்வதற்குத் தாவிவிடும்.

பணம் கட்டுவதற்கு முன்னால் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ‘கல்லூரி நல்லதா’ என்பதோடு முடியக்கூடாது. இந்தப் படிப்பு முடித்தவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள், அந்த வேலை எந்த அடுக்கு, அந்த நாட்டில் பிஆருக்குக் கடிதம் வேண்டுமா, வேண்டும் என்றால் எந்தத் தகுதியுள்ள முதலாளி தர வேண்டும் என்று கேட்க வேண்டும். பதில் அந்தந்த அரசின் இணையதளத்தில் இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் தம்பியோ தங்கையோ அரை மணி நேரத்தில் தேடித் தருவார்கள்.

கடைசியாக நாட்களின் கணக்கு. இரண்டாண்டுப் படிப்புக்குப் போன பெண் படிப்பு முடித்த கையோடு 0 முதல் 3-க்குள் ஒரு வேலையில் சேர்ந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். பிஆருக்குப் பெயர் கொடுக்கத் தேவையான 1,560 மணி நேரம் நிறைவதும், ஊரில் வங்கியின் முதல் தவணை தொடங்குவதும் ஏறக்குறைய ஒரே மாதத்தில் வரும். வேலை கிடைக்க ஆறு மாதம் பிந்தினால் தவணை முந்திக்கொள்ளும். தவணை தொடங்கும்போது வேலை அனுமதியில் மிச்சமிருப்பது இரண்டாண்டு. அந்த இரண்டாண்டுக்குள் ஆங்கிலத்தைக் கேட்டலில் 8.5-க்கும், பேச்சிலும் எழுத்திலும் 7.5-க்கும், வாசிப்பில் 8-க்கும் உயர்த்தினால் 12 மதிப்பெண் கூடும். இரண்டாம் ஆண்டு வேலை அனுபவம் 13 சேர்க்கும். 467 அப்போது 492 ஆகும். மீதிக்குப் பிரெஞ்சோ, ஒரு மாகாணத்தின் நியமனமோ, சட்பரியைப் போன்ற ஊரில் ஒரு நேர்மையான முதலாளியோ வேண்டும். எந்த வழியில் போனாலும் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு சம்பள ரசீதையும், வருமான வரிக்குக் கொடுக்கும் டி4 தாளையும், வேலை மாறும்போது வேலையின் பெயரும் பணிகளும் மணிக்கணக்கும் எழுதி முதலாளி கையெழுத்திட்ட சான்றையும் அவள் வாங்கி வைத்திருக்க வேண்டும்.